மடியில் நடந்த பிள்ளை

அந்தப் போன் எங்கள் வீட்டுக்குப் புதிது அல்ல. என் தங்கையின் மகள் கம்பசுக்குப் போகத் தொடங்கியபோது வாங்கியது. ஆசுப்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்த நாளில் இருந்துதான் அது வேறொன்றாக மாறியது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அவளுடைய தகப்பன் கடைசிச் சண்டையில் காணாமற்போனவர். தாய், அதாவது என் தங்கை, நோயில் போய்விட்டாள். நான் கலியாணம் கட்டவில்லை. பிள்ளை என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். அவளுக்கு வாய் அதிகம். எனக்கு வாயே இல்லை. மருதனார்மடச் சந்தையில் வியாபாரி அழுகின தக்காளியை எடுத்துப் பைக்குள் போட்டாலும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வருவேன். அவள் கூட வந்தால் அந்தத் தக்காளியை வியாபாரியின் கண்ணுக்கு முன்னாலேயே திருப்பி வைப்பாள்.

அப்படிப்பட்டவள் இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் தன் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தாள். எப்படி என்று எழுதமாட்டேன். ஏன் என்று பலபேர் கேட்டார்கள். ஒரு காரணமாய்ச் சொல்ல அவளுக்கே தெரியவில்லை. "விடிஞ்சால் பாரமாக் கிடக்கு, பெரியம்மா. அவ்வளவுதான்," என்றாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு விட்டார்கள். விடும்போது அவளிடம் கேட்டு, கையெழுத்து வாங்கி, அவளுடைய போனில் ஒரு செயலியைப் போட்டுவிட்டார்கள். அவளைப்போன்ற இளம் பிள்ளைகளுக்கென்று புதிதாய்ச் செய்து பார்க்கிறார்களாம். நேர்ஸ் பிள்ளை எனக்கு விளங்கப்படுத்தினாள். எப்போது எழும்புகிறாள், எவ்வளவு நடக்கிறாள், வீட்டை விட்டு வெளியே போகிறாளா, போனில் ஆட்களோடு கதைக்கிறாளா என்பதையெல்லாம் போன் தானாகவே பார்த்துக்கொள்ளும். பின்னேரம் ஆறு மணிக்கு ஐந்து கேள்வி கேட்கும். எல்லாம் கிளினிக்கில் உள்ள கொம்பியூட்டருக்குப் போகும். அங்கே ஒரு கோடு ஏறி இறங்கும். கோடு கீழே விழுந்தால் அவர்கள் தேடி வருவார்கள்.

"உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை, அம்மா," என்றாள். "போன் எப்பவும் பிள்ளையோடை இருக்கவேணும். அதை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ."

நான் தலையாட்டினேன். எதையும் திருப்பிக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

வீட்டுக்கு வந்த முதல் நாளே பிள்ளை போனைக் கொண்டுபோய் அலுமாரி லாச்சிக்குள் போட்டு மூடினாள்.

"ஏன் பிள்ளை?"

"எந்த நேரமும் ஆரோ பக்கத்திலை இருந்து பாக்கிற மாதிரிக் கிடக்கு."

அது எனக்கும் விளங்கியது. லாச்சி மூடியிருந்தாலும் விளிம்பில் ஒரு வெளிச்சக் கீற்று வரும், போகும். ஆறு மணிக்கு அது மரத்தில் அதிரும்போது உள்ளே இருந்து யாரோ விரலால் தட்டுவது போலிருக்கும். பதில் இல்லையென்றால் ஆறரைக்குத் தட்டும். ஏழுக்குத் தட்டும். பிறகு ஓய்ந்துவிடும். தட்டும்போது வராத பயம், ஓய்ந்த பிறகுதான் எனக்கு வரும். கேட்டுக் கேட்டுப் பார்த்து, இப்போது அது என்ன நினைத்துக்கொண்டு கிடக்கிறது என்று யோசிப்பேன்.

நான்காம் நாள் காலையில் படலையில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. ஒருகாலம் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனது வெள்ளை வான்தான், அதைக் கண்டால் எங்கள் பக்கத்தில் இன்னும் நெஞ்சு ஒருதரம் நின்றுதான் அடிக்கும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். கிளினிக்கில் இருந்து வந்தவர்கள்.

"மூண்டு நாளாப் பிள்ளையிட்டை அசைவில்லை எண்டு காட்டுது. அதுதான் ஒருக்கால் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனாங்கள்."

அசைவில்லை. அதைப் படலையடியிலேயே நின்று சொன்னார்கள். நான் அவர்களை விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். பிள்ளை கட்டிலில் இருந்து தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தாள். அரை மணித்தியாலத்துக்கு முன்னர்தான் அவளுக்குத் தேத்தண்ணீர் கொடுத்திருந்தேன். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டபிறகு அவளைப் பார்க்க எனக்கு வேறு மாதிரி இருந்தது. வந்தவர்கள் அவளோடு கதைத்தார்கள். லாச்சியில் இருந்து போனை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வான் ஒழுங்கையால் திரும்பமுதல் பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"என்னக்கா, ஆர் உவை?"

"தண்ணி தேங்கிக் கிடக்கோ எண்டு டெங்குக்குப் பாக்க வந்தவை," என்றேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

"டெங்குக்கோ! எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. இஞ்சை வந்தாங்களெண்டால் வழக்குப் போட்டுக் கோட்டுக்கெல்லே இழுப்பாங்கள்!"

அன்று மத்தியானத்துக்குள் அவள் தன் வளவில் கிடந்த சிரட்டை, பூச்சாடி, பழைய ரயர் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றிவிட்டாள். பிள்ளை யன்னலால் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு தரம் வான் வந்தால் டெங்கு என்று சொல்லமுடியாது. ஊர் கதைக்கத் தொடங்கினால் பிள்ளை எந்த முகத்தோடு கம்பசுக்குப் போவாள்? நாளைக்கு ஒரு கலியாணம் பேசி வருபவர்கள் பக்கத்து வளவில் விசாரிக்காமலா இருப்பார்கள்? அசைவு இல்லையென்றுதானே வந்தார்கள் என்று யோசித்தேன். அடுத்த நாள் விடிய நாலு மணிக்கு வழக்கம்போல எழும்பினேன். போன் பிள்ளையின் மேசையில் கிடந்தது. எடுத்துச் சேலை மடிக்குள் செருகிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

பிள்ளை இரண்டாம் நாளே கண்டுவிட்டாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒரு மாதிரி நிம்மதியோடு என்னைப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு. உங்களுக்கு ஓடித்திரியிற வேலைதானே, பெரியம்மா. உங்களோடையே இருக்கட்டும்." போனைத் திறக்கிற நான்கு இலக்கத்தையும் சொல்லித்தந்தாள்.

அதன்பிறகு முற்றம் கூட்டும்போதும் பயிற்றங்கொடிக்குத் தண்ணீர் மாறும்போதும் அது என்னோடு இருந்தது. சந்தைக்கு வந்தது, கோயிலுக்கு வந்தது. உடம்புச் சூட்டில் அதற்கும் சூடு பிடித்துவிடும். ஒழுங்கையில் தனியே நடக்கும்போது பின்னால் யாரோ கால் வைத்து வருவது போலிருக்கும். நான் நின்றால் அதுவும் நிற்கும். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், 'இன்று நீங்கள் நன்றாக நடந்தீர்கள்' என்று எழுதியிருக்கும். பக்கத்தில் ஒரு பச்சை இலை. ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னை அப்படி யாரும் மெச்சியதில்லை.

கேள்விகள்தான் கரைச்சல். ஆறு மணி என்றால் நான் சாமியறையில் விளக்கு வைக்கிற நேரம். எங்கள் தாய் இருந்தபோது அந்த நேரத்தில் வீட்டில் அழவிடமாட்டா, கெட்ட சொல் சொல்ல விடமாட்டா. உப்பு முடிந்துபோனால்கூட இல்லை என்று சொல்லாமல், உப்பு வாங்கவேணும் என்றுதான் சொல்வோம். அந்த நேரம் பார்த்து இது அதிரும். முதல் நான்கு கேள்விகளும் பரவாயில்லை, நித்திரை, சாப்பாடு, மனநிலை என்று போகும். ஐந்தாவது இப்படி இருக்கும்: 'வாழ்வதை விட இறப்பது நல்லது என்று இன்று நினைத்தீர்களா?' கீழே மூன்று பெட்டி. இல்லை, சில வேளை, ஆம்.

முதல் நாள் அதை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்ததும் எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு இன்னொருதரம் வாசித்தேன். விளக்குக்கு முன்னால், பிள்ளையின் பேரோடு, இந்தச் சொல். அறைக்குள் கொண்டுபோய் அவளிடம் இதைக் காட்டுவதா? மறந்திருக்கிறவளுக்கு நினைவுபடுத்துவதா? பதில் சொல்லாமல் விட்டாலோ அந்தக் கேள்வி இரவு முழுக்க வீட்டுக்குள் நிற்கும். நான் அவசரமாய் 'இல்லை' என்பதை அமத்தினேன். விரலால் சொன்னால் வாயால் சொன்னதாகாது என்று நினைத்துக்கொண்டேன். அமத்தியதும் அது மறைந்தது. ஏதோ ஒன்றைப் படலைக்கு வெளியே விட்டுக் கொக்கியைப் போட்டதுபோல் இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். சிரிக்கிற முகம், சிரிக்கிற முகம், சிரிக்கிற முகம், சிரிக்கிற முகம், இல்லை.

முதல் மாதக் கிளினிக்கில் கோட்டைப் பார்த்துவிட்டு, நல்லாய் ஏறுகிறது என்றார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதுதான் இப்போது நினைக்க என்னைப் பயப்படுத்துகிறது. நான் உண்மையாகவே சந்தோசப்பட்டேன்.

எப்போது என்று சொல்லத் தெரியாது, போனுக்குள் ஒரு பிள்ளை இருக்கிறாள் என்று எனக்குப் பட்டுவிட்டது. அவள் விடிய எழும்புவாள், வெய்யிலுக்கு முன் சந்தைக்குப் போவாள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவாள். அவளோடு இருக்கிறது சுகம். அறைக்குள் இருப்பவளோடு இருக்கிறது சுகமில்லை. அறைக்குள் போனால் யன்னல் சாத்தியிருக்கும், சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடப்பாள், என்ன கேட்டாலும் "ம்". மத்தியானம் வைத்த சோற்றுக்கோப்பையில் பின்னேரம் எறும்பு வரிசையாய் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கோப்பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்துவிடுவேன். வந்து முற்றத்தில் நடப்பேன். நடந்தால் மற்றவளுக்கு நல்லது.

பிள்ளைக்கும் அது தெரிந்திருந்தது. நான் வெளியே போய்விட்டு வந்தால் படுத்தபடியே கேட்பாள்.

"உங்கடை மகள் வந்திட்டாளோ?"

"விசர்க் கதை கதையாதை."

"இல்லை, கேக்கிறன். இண்டைக்கு எங்கையெல்லாம் போனவள்? என்னைவிடக் கெட்டிக்காரி போலை கிடக்கு."

பகிடியாய்த்தான் சொன்னாள். முகம் மட்டும் சுவரைப் பார்த்தபடி இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் ஐயர் தீபம் காட்டும்போது மடிக்குள் அது அதிர்ந்தது. கும்பிட்ட கையை எடுத்து வயிற்றைப் பொத்தினேன், பிள்ளைத்தாய்ச்சிகள் பொத்துவதுபோல. எனக்கு அப்படிப் பொத்திப் பழக்கமில்லை. பக்கத்தில் நின்ற, தங்கையோடு படித்த ஒரு பெண் கேட்டாள்.

"மகள் எப்பிடி, அக்கா? கன நாளாக் காணேல்லை."

"இஞ்சைதானே நிக்கிறாள்," என்றேன்.

அவள் எனக்குப் பின்னால் பார்த்தாள். தூணுக்கு அங்காலும் எட்டிப் பார்த்தாள். "எங்கை?"

கை இன்னும் வயிற்றில் இருந்தது. அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, என் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு எங்கள் படலை வரைக்கும் கூட வந்தாள். என் புத்தி தடுமாறத் தொடங்கிவிட்டது என்று அவள் நினைத்திருப்பாள். எனக்கும் அதுதான் பயம்.

இரண்டாம் மாதக் கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்னால் பிள்ளை தன் கம்பஸ் புத்தகங்களையெல்லாம் கட்டி, கூடப் படிக்கிற ஒரு பெட்டையை வரச்சொல்லிக் கொடுத்தனுப்பினாள். "எனக்கு இனி வேண்டாம், அவளுக்கு உதவும்," என்றாள். அன்று அவள் குளித்திருந்தாள். முகம் தெளிவாய் இருந்தது. பின்னேரம், அளவெட்டிப் பக்கம் திருவிழா, மேளச் சத்தம் காற்றோடு வருவதும் போவதுமாக இருந்தது. நான் விளக்கை ஏற்றிவிட்டு, போனை எடுத்து முகங்களை அமத்திக்கொண்டிருந்தேன். எப்போது வந்தாள் என்று தெரியாது, பின்னால் நின்றாள்.

"ஒவ்வொரு நாளும் உதைத்தான் போடுறனீங்களோ?"

"ஓம்."

கொஞ்ச நேரம் என் விரலையே பார்த்தாள்.

"அப்ப நான் இல்லாட்டிலும் உது நடந்துகொண்டுதான் இருக்கும், என்ன பெரியம்மா?"

கோபமாகவோ அழுகையாகவோ சொல்லவில்லை. குசினியில் தேங்காய் இருக்கிறதா என்று கேட்பதுபோல் சொன்னாள். சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நான் விளக்கைப் பார்த்தபடி நின்றேன். மேளம் நின்றுவிட்டது. போனில் பச்சை இலை வந்தது.

கிளினிக்குக்குப் போகிற அன்று அவளே தலை வாரி இழுத்து, பொட்டு வைத்தாள். என்னிடம் இருந்து போனை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்தாள். மினிபஸ்சில் யன்னல் பக்கத்தை எனக்குத் தந்தாள். வழியில் இறங்கி எனக்குச் சோடா வாங்கித் தரட்டா என்று கேட்டாள். அவ்வளவு பட்சமாய் அவள் என்னோடு இருந்து மாதக்கணக்கு. அது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

டாக்டர் ஓர் இளம் பெண். வெளியே வாங்குகளில் சனம் நெருக்கிக்கொண்டு இருந்தது. எங்கள் இருவரையும் இருத்தி, கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினார். பச்சைக் கோடு ஒன்று கீழே இருந்து மேலே ஏறியிருந்தது.

"எப்பிடி இருக்கிறீர்?"

"நல்லா இருக்கிறன், டாக்டர்."

"தெரியுது. விடிய நாலு மணிக்கே எழும்பிறீர். ஒவ்வொரு நாளும் வெளியிலை போறீர். சிநேகிதப் பிள்ளையளோடை கதைக்கிறதுதான் குறைவு. மற்றும்படி வடிவா இருக்கு." கோட்டுக்குக் கீழே எதையோ பார்த்தார். "இரவு ரெண்டு மணிபோலை மட்டும் ஒவ்வொரு நாளும் எழும்பி நடக்கிறீர். அதென்ன?"

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"தண்ணி குடிக்க, டாக்டர்."

டாக்டர் சிரித்தார். மருந்தைப் பாதியாகக் குறைக்கலாம், இனி மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்தால் போதும் என்று கிளினிக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். பேனை போகிற சத்தம் கேட்டது. அது என்னுடைய கோடு. கிணற்றடிக்கும் கோயிலுக்கும் நான் நடந்த நடை. அதை வைத்து அவளுடைய மருந்தைக் குறைக்கிறார்கள். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கொப்பியை இரண்டு கையாலும் வாங்கி, கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மருந்து கொடுக்கிற யன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றேன். பிள்ளை கொஞ்சம் தள்ளி ஒரு தூணில் சாய்ந்து நின்றாள். பழக்கத்தில் கை மடிக்குப் போனது. மடி வெறுமையாக இருந்தது. பார்க்கிறதற்கு எனக்கு அவள் ஒருத்திதான் இருந்தாள். இரண்டு மாதத்தில் முதன்முறையாய்ப் பார்ப்பதுபோல் பார்த்தேன். தோள் எலும்பு சட்டைக்கு மேலால் தெரிந்தது. கையில் காப்பு முழங்கை வரைக்கும் ஓடியது. ஆட்கள் அவளுக்கு முன்னால் போகிறார்கள், வருகிறார்கள், அவள் கண் ஒருவரிலும் நிற்கவில்லை. எல்லா வேலையும் முடிந்து பஸ்சுக்கு நிற்கிற ஆளின் முகம்.

எனக்கு முன்னால் இரண்டு பேர்தான் மிச்சம். வரிசையை விட்டுவிட்டு டாக்டரின் கதவுக்குப் போனேன்.

கதவடியில் நம்பர் கூப்பிடுகிறவர் கையை நீட்டி மறித்தார். "உங்கடை நம்பர் முடிஞ்சுதெல்லே, அம்மா?"

"எங்களைப் பாத்தால் மனிசராத் தெரியேல்லையோ, ஆச்சி?" என்று வாங்கில் இருந்த ஒருத்தி சத்தம் போட்டாள். "விடியப்புறம் வந்து குந்திக்கொண்டிருக்கிறம்."

"ஆச்சிக்கு டாக்டரிலை ஆசை போலை," என்று இன்னொருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. திரும்பிப் போகத்தான் கால் இழுத்தது.

"நான் டாக்டருக்குப் பொய் சொல்லிப்போட்டன்," என்றேன். எவ்வளவு சத்தமாய்ச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. மறித்தவர் கையை எடுத்தார்.

உள்ளே போய் நின்றபடியே சொன்னேன். "டாக்டர் பிள்ளை, உந்தக் கோடு என்ரை."

"என்னம்மா?"

"நாலு மணிக்கு எழும்பிறது நான். சந்தைக்குப் போறது நான். பிள்ளை அறையை விட்டு வெளியிலை வாறேல்லை. போன் என்ரை மடியிலைதான் இருந்தது. கேள்விக்கும் நான்தான் பதில் போட்டனான். விளக்கு வைக்கிற நேரம் அந்தச் சொல்லு வீட்டிலை நிக்கக்கூடாது எண்டு..."

டாக்டர் பேனையை வைத்தார். ஏசவில்லை. ஆள் அனுப்பிப் பிள்ளையைக் கூப்பிட்டார். வந்தவள் என்னைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று விளங்கிக்கொண்டாள். முகத்தில் இருந்த தெளிவு போய்விட்டது.

"அப்ப ரெண்டு மணிக்கு எழும்பிறது ஆர்?" என்று டாக்டர் கேட்டார்.

"அதும் நான்தான். வெளிச்சத்துக்குப் போனைப் பிடிச்சுக்கொண்டு போய் அறை வாசலிலை நிப்பன். பிள்ளை மூச்சு விடுறாளோ எண்டு கேக்க."

இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்குத் தெரியும். நான் ஒரு நாளும் நித்திரையில்லை. நீங்கள் போகுமட்டும் கண்ணை மூடிக்கொண்டு வடிவா மூச்சு விடுவன்."

அவள் மூச்சைக் கேட்டு ஆறுதலோடு திரும்பிப் போய்ப் படுத்த இரவுகள் எல்லாம் எனக்கு ஒன்றாய் நினைவுக்கு வந்தன.

டாக்டர் அவள் பக்கம் திரும்பி, மெதுவாக, "நான் உம்மட்டை நேரை ஒண்டு கேக்கிறன்," என்று தொடங்கினார்.

"அவவைக் கேக்கச் சொல்லுங்கோ," என்றாள் பிள்ளை. "இவ்வளவு நாளும் எனக்காண்டிப் பதில் சொன்னது அவதானே."

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு வேறு சொல் தெரியாது. போன் சொல்லித்தந்த சொல்தான் இருந்தது.

"வாழ்வதை விட இறப்பது நல்லது என்று இன்று நினைத்தீர்களா?" என்று அவளிடம் கேட்டேன். பெற்ற பிள்ளைபோல் வளர்த்தவளை 'நீங்கள்' என்று கேட்டேன்.

"ஓம்," என்றாள்.

"இண்டைக்கு மட்டுமோ?"

"எல்லா நாளும்."

பிறகு அவள் அழுதாள். ஆசுப்பத்திரியால் வந்தபிறகு அவள் அழுததில்லை. டாக்டர் கொப்பியில் எழுதியதை வெட்டினார். அன்றே அவளை வார்ட்டில் மறித்து வைத்துக்கொண்டார்கள். துணைக்கு நான் நின்றேன். மூன்று நாள் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. நான்காம் நாள், "இந்தச் சோத்தைத் தின்னேலாது. வீட்டை போய் ஒரு சம்பலாவது அரைச்சுக்கொண்டு வாங்கோ," என்றாள். நான் அடுத்த பஸ்சிலேயே போனேன்.

வார்ட்டை விட்டு வரும் நாளில், அந்த இரண்டு மாதத்தை எடுத்துவிடச் சொல்லி டாக்டரிடம் கேட்டேன்.

"அழிக்கேலாது, அம்மா. பிழை எண்டு குறிச்சு வைச்சிருக்கிறம். ஆனால் அது அங்கை கிடக்கும்."

"அங்கை எண்டால் எங்கை?"

அவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எங்கேயோ தூரத்தில், குளிர் அறையில் இருக்கிற மெசின்களுக்குள் என்றார். அப்படியென்றால் அவள் இன்னும் அங்கே நாலு மணிக்கு எழும்பிக்கொண்டிருக்கிறாள். இருட்டில் எழும்பிப் போய் ஒரு வாசலில் நின்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள். யாருடைய மூச்சைக் கேட்கிறாளோ. சில நேரம் ஒழுங்கையில் தனியே நடக்கும்போது சும்மா நின்று பார்க்கிறேன். பின்னால் கால்சத்தம் நிற்க ஒரு கணம் பிந்துவதுபோல் இருக்கும்.

இப்போது போன் பிள்ளையிடம்தான். கோடு கீழேதான் கிடக்கிறது, கொஞ்சம் ஏறும், விழும். கிளினிக்கில் இருந்து இரண்டு தரம் வான் வந்துவிட்டது. பக்கத்து வளவுக்காரி கேட்டபோது, பிள்ளையைப் பார்க்க வருகிறார்கள், மனதுக்குச் சுகமில்லை என்று சொன்னேன். அவள் வேலியைப் பிடித்தபடி தன் தம்பியைப் பற்றி ஒரு கதை சொன்னாள். அது அவளுடைய கதை, இங்கே எழுதமாட்டேன்.

பின்னேரம் விளக்கு வைத்தபிறகு பிள்ளை தன் விரலால் அமத்துகிறாள். நான் எட்டிப் பார்ப்பதில்லை. அமத்தி முடிய, பக்கத்தில் போய் இருந்து வாயால் கேட்கிறேன். முதல் சில நாள் நாக்குப் புரளவில்லை.

"இண்டைக்கும் அப்பிடி நினைச்சனியோ?"

சில நாள் இல்லை என்கிறாள். சில நாள் "கொஞ்சம்" என்கிறாள். கொஞ்சம் என்கிற நாட்களில் அவளே கிளினிக்குக்குப் போன் எடுத்துக் கதைக்கிறாள். அன்று நான் வாசலில் நிற்கப் போவதில்லை. என் தலையணையை எடுத்துக்கொண்டு போய் அவளுடைய கட்டிலின் ஓரத்தில் படுக்கிறேன்.

"அங்காலை தள்ளிப் படுங்கோ, பெரியம்மா," என்பாள். "குறட்டையிலை ஒருத்தருக்கும் நித்திரை வராது."

தள்ளிப் படுப்பேன். அவள் நித்திரை இல்லையென்றால், நித்திரை இல்லை என்று சொல்கிறாள்.